உதிரம் ஓடும் வழி கண்ட ஆலிம்: அல்லாமா இப்னுந் நஃபீஸ் (ரஹ்)



உங்கள் இடக்கை மணிக்கட்டின் மீது வலக்கை விரல்களைச் சற்றே வைத்துப் பாருங்கள். உள்ளிருந்து ஏதோ ஒன்று மெல்லத் தட்டுவதை உணர்வீர்கள். அதனை நீங்கள் ஏவவில்லை. நிறுத்தவும் உங்களால் இயலாது. நீங்கள் உறங்கும் வேளையிலும் அது உறங்குவதில்லை. தாயின் கர்ப்பத்தில் தொடங்கிய அத்துடிப்பு, மலக்குல் மௌத் வந்து நிற்கும் நேரம் வரை ஓயாது நடக்கிறது. மூடிய கையளவே உள்ள இருதயம், நிமிடத்திற்கு ஏறத்தாழ 70 முறையும், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறையும் சுருங்கி விரிகிறது. அமைதியாய் அமர்ந்திருக்கும் ஒருவரின் உடலிலும் நிமிடத்திற்குச் சுமார் 5 லிட்டர் உதிரத்தை அது தள்ளி அனுப்புகிறது. பகலும் இரவும் கூட்டிப் பார்த்தால் 7,000 லிட்டருக்கும் மேலாகும்.

இவ்வுதிரம் எவ்வழியே செல்கிறது? இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையைக் கேட்டாலும் விடை கிடைக்கும். உடலெங்கும் சுற்றிவந்த கருஞ்சிவப்பு உதிரம் இருதயத்தின் வலப்புறத்தை அடைகிறது. அங்கிருந்து நுரையீரலுக்குச் செல்கிறது. அங்கே கரியமில வாயுவை நீக்கிப் பிராணவாயுவைப் பெற்றுச் செந்நிறமாகிறது. பின்னர் இருதயத்தின் இடப்புறத்திற்குத் திரும்பி, மீண்டும் உடலெங்கும் அனுப்பப்படுகிறது. எளிய பாடந்தான். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்து வைத்தியர்கள் இதனை அறியாதிருந்தார்கள் என்பதையும், இருதயத்திலிருந்து நுரையீரல் வழியே உதிரம் சென்று திரும்பும் பாதையை முதன்முதலில் ஏட்டில் எழுதி வைத்தவர் ஃபிக்ஹு போதித்த ஒரு ஷாபிஈ ஆலிம் என்பதையும் நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? அப்பெரியாரின் வாழ்வையே இவ்வாரம் உங்கள் முன் வைக்க விழைகிறேன்.

திமிஷ்கு தந்த மாணவர்

அலாவுத்தீன் அபுல் ஹஸன் அலீ இப்னு அபில் ஹஸ்ம் அல்கரஷீ என்பது அவர்களின் முழுப்பெயர். இப்னுந் நஃபீஸ் என்னும் பெயராலேயே உலகம் அவர்களை அறியும். ஷாம் நாட்டின் தலைநகரான திமிஷ்கை அடுத்த ஊரில், கி.பி. 1210க்கும் 1213க்கும் இடைப்பட்ட காலத்தில் பிறந்தார்கள்.

அக்காலத்தைச் சிறிது நினைத்துப் பாருங்கள். மேற்கே சிலுவைப் போர்வீரர்கள் கடற்கரைக் கோட்டைகளில் அமர்ந்திருந்தார்கள். கிழக்கே தாத்தாரியரின் குதிரைப் படை எழுந்துகொண்டிருந்தது. ஆயினும் திமிஷ்கின் கல்விக் கூடங்களில் விளக்கு அணையவில்லை. 1154ஆம் ஆண்டில் அந்நகரைத் தம் ஆட்சியின் கீழ்க் கொணர்ந்த சுல்தான் நூருத்தீன் ஸங்கீ (ரஹ்) அவர்கள் அங்கு ஒரு பெரும் மருத்துவமனையை நிறுவியிருந்தார்கள். நூரி பீமாரிஸ்தான் என வழங்கிய அந்நிலையத்தில் நோயாளர் சிகிச்சை பெற்றனர். மாணவர் மருத்துவம் பயின்றனர். நம் சரித நாயகரும் அங்கேதான் மருத்துவம் கற்றார்கள்.

அவர்களின் ஆசான் முஹத்தபுத்தீன் அத்தக்வார் என்பார், அக்காலத்து மருத்துவருள் தலைசிறந்தவர். அவர் தம் சொந்த இல்லத்தையே மருத்துவ மத்ரஸாவாக்கி வக்ஃபு செய்துவிட்டு, 1230ஆம் ஆண்டில் மறைந்தார். இச்செய்தியை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஆசான் செய்ததை மாணவரும் செய்ததைப் பின்னர்க் காண்போம்.

மருத்துவம் பயின்ற அதே நாட்களில் இப்னுந் நஃபீஸ் அவர்கள் மார்க்கக் கல்வியையும் விடவில்லை. ஃபிக்ஹு, உஸூலுல் ஹதீஸ், நஹ்வு, மன்திக் ஆகிய கலைகளையும் ஓதித் தேர்ந்தார்கள். பின்னர் மிஸ்ரு நாட்டிற்குக் குடிபெயர்ந்து கெய்ரோ மாநகரில் நிலைபெற்றார்கள். அந்நாட்டு மருத்துவர்களுக்கெல்லாம் தலைவராக உயர்ந்தார்கள். சுல்தான் ளாஹிர் பைபர்ஸ் அவர்களின் மருத்துவராகவும் விளங்கினார்கள். 1260இல் ஐன் ஜாலூத் போர்க்களத்தில் தாத்தாரியரை முறியடித்த படையில் முன்னணித் தளபதியாக நின்றவரே அந்த பைபர்ஸ்.

அரண்மனையில் நாடி பார்த்த அவர்கள், கெய்ரோவின் மஸ்ரூரிய்யா மத்ரஸாவில் ஷாபிஈ ஃபிக்ஹும் போதித்தார்கள். இமாம் அபூ இஸ்ஹாக் அஷ்ஷீராஸீ (ரஹ்) அவர்களின் ஃபிக்ஹு நூலான தன்பீஹுக்கு விரிவுரை எழுதினார்கள். ஹதீஸ் கலையின் அடிப்படைகளைப் பற்றியும் ஒரு நூல் இயற்றினார்கள். நம் மத்ரஸாக்களில் இன்றும் ஓதப்படும் கிதாபுகளைத் தந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இவர்களின் காலத்தவரே. பிற்காலத்தில் இமாம் தாஜுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் ஷாபிஈ மத்ஹபின் பெரியார்களுடைய வரலாற்றைத் தொகுத்தபோது, அந்த ஆலிம்களின் வரிசையில் இம்மருத்துவருக்கும் இடமளித்தார்கள். காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் அந்த மத்ஹபைப் பின்பற்றி வாழும் மக்கள், அவர்களைத் தம் முன்னோருள் ஒருவராகவே எண்ணி உவக்கலாம்.

பெரியோர் சொல்லும் ஆதாரமும்

இனி அவர்களை அழியாப் புகழுக்குரியவராக்கிய செய்திக்கு வருவோம்.

கிரேக்க மருத்துவப் பேராசிரியர் ஜாலீனூஸ், கி.பி. இரண்டாம் நூற்றாண்டினர். உண்ட உணவிலிருந்து கல்லீரல் உதிரத்தை உண்டாக்குகிறது என்றும், அது உடலெங்கும் சென்று உறுப்புகளுக்கு உணவாகிச் செலவழிகிறது என்றும் அவர் போதித்தார். இருதயத்தின் வலக் கீழறைக்கும் இடக் கீழறைக்கும் நடுவே ஒரு தடித்த சுவர் உண்டல்லவா? அச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத நுண்துளைகள் இருக்கின்றன என்றும், அவற்றின் வழியே உதிரம் வலமிருந்து இடம் கசிகிறது என்றும் அவர் எழுதி வைத்தார். ஆயிரம் ஆண்டுகளாக அச்சொல்லை எவரும் மறுக்கவில்லை. மருத்துவ மேதை இப்னு ஸீனா அவர்களும் தம் பெருநூலாகிய கானூனில் இக்கருத்தை ஒட்டியே எழுதினார்கள். இருதயத்திற்கு மூன்று அறைகள் உண்டென்றும் குறித்தார்கள்.

கானூன் என்றால் அக்காலத்தில் சாமானியமா? மருத்துவம் பயில்வோர்க்கு அதுவே வேதநூல் போன்றிருந்தது. அந்நூலின் உடற்கூற்றுப் பகுதிகளுக்கு இப்னுந் நஃபீஸ் அவர்கள் ஒரு விரிவுரை எழுதினார்கள். 1242ஆம் ஆண்டளவில் அது நிறைவுற்றிருந்தது. அப்போது அவர்களுக்கு வயது முப்பது அளவே. அந்நூலில்தான், அதுவரை எவரும் எழுதாததை எழுதினார்கள்.

இருதயத்தின் கீழறைகள் இரண்டே என்றார்கள். அவற்றின் நடுவிலுள்ள சுவர் தடித்துச் செறிந்தது. கண்ணுக்குத் தெரியும் துளையும் அதில் இல்லை, ஜாலீனூஸ் கூறியது போன்ற தெரியாத துளையும் இல்லை என்று துணிந்து எழுதினார்கள். அவ்வாறாயின் வலப்புற உதிரம் இடப்புறம் சேர்வது எங்ஙனம்? வலக் கீழறையிலிருந்து புறப்படும் நாளத்தின் வழியே உதிரம் நுரையீரலுக்குச் செல்ல வேண்டும். அங்கே பரவிக் காற்றுடன் கலக்க வேண்டும். பின்னர் மற்றொரு நாளத்தின் வழியே இடப்புறம் திரும்ப வேண்டும். இதுவன்றி வேறு வழியே இல்லை என்று முடிவு கட்டினார்கள்.

முதல் நாளத்தை அல்வரீதுஷ் ஷிர்யானீ என்றும், இரண்டாவதை அஷ்ஷிர்யானுல் வரீதீ என்றும் அக்காலத்து மருத்துவர் அழைத்தனர். ஸூரத்து காஃபில் அல்லாஹ் தன் நெருக்கத்தை நமக்கு உணர்த்துவதற்கு எடுத்தாண்ட வரீது என்னும் சொல்லே இப்பெயர்களிலும் இருப்பதைக் கவனியுங்கள். முதல் நாளத்தின் சுவர் தடித்திருப்பதையும், இரண்டாவதன் சுவர் மெலிந்திருப்பதையும் அவர்கள் காரணத்தோடு விளக்கினார்கள். அவ்விரு நாளங்களுக்கும் இடையே நுண்ணிய வழிகள் இருக்க வேண்டும் என்றும் உய்த்துணர்ந்து எழுதினார்கள். நுண்பெருக்காடி இல்லாத அக்காலத்தில் அவ்வழிகளைக் கண்ணால் காண எவராலும் இயலாது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியரான மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகள் எனப்படும் அந்நுண்குழாய்களைக் கண்டார்.

இருதயம் தன் அறைகளில் நிறைந்திருக்கும் உதிரத்திலிருந்தே உணவு பெறுகிறது என முன்னோர் கருதினர். அதனையும் அவர்கள் ஏற்கவில்லை. இருதயத்தின் சதையினூடே ஓடும் தனி நாளங்களே அதற்கு உணவளிக்கின்றன என்றார்கள். இன்று நம் குடும்பங்களில் எவருக்கேனும் மாரடைப்பு வந்தால், அடைபட்டிருப்பது அத்தகைய நாளமே என்று மருத்துவர் கூறக் கேட்கிறோம்.

நடுச்சுவரில் துளையில்லை என்பது எத்துணைப் பெரிய உண்மை என்பதை இன்னொரு வகையிலும் அறியலாம். சில குழந்தைகள் இருதயத்தின் நடுச்சுவரில் துளையோடு பிறக்கின்றன. சிறு துளை தானே மூடிக்கொள்வதுண்டு. பெரிதாயின் அறுவைச் சிகிச்சை செய்தே அடைக்க வேண்டியுள்ளது. எதனை ஜாலீனூஸ் இயல்பென்று கருதினாரோ, அதனை இன்று நாம் நோய் என்று அறிகிறோம்.

அன்பர்களே! இளைஞரான ஓர் உரையாசிரியருக்கு இத்துணிவு எங்கிருந்து வந்தது? அவர்கள் ஓதிய ஹதீஸ் கலையிலிருந்தும் அது வந்திருக்க வேண்டும் என்றே எண்ணத் தோன்றுகிறது. சொன்னவர் எவ்வளவு பெரியவராயினும், சொல்லுக்கு ஸனது உண்டா என்று கேட்பதல்லவா முஹத்திஸீன்களின் வழி? ராவியை மதிப்பது வேறு. ரிவாயத்தை ஆராய்வது வேறு. இப்னு ஸீனாவின் நூலுக்கு உரை எழுதும் அளவு அவரை மதித்தவர்கள்தாம், அவர் பிழைபட்ட இடத்தில் பிழையென்று எழுதினார்கள். அதனால் இப்னு ஸீனாவின் மதிப்பும் குறையவில்லை. உரையாசிரியரின் அடக்கமும் கெடவில்லை.

ஒன்றை மறைக்காமல் கூற வேண்டும். ஷரீஅத்தின் தடையும், தம் உள்ளத்தில் இயல்பாக அமைந்த இரக்கமும் உடலை அறுத்துப் பார்ப்பதிலிருந்து தம்மைத் தடுத்தன என்று அவர்களே அந்நூலின் முன்னுரையில் தெரிவித்திருக்கிறார்கள். அதே நூலில், உடற்கூறு முன்னோர் கூற்றைப் பொய்ப்பிக்கிறது என்றும் சில இடங்களில் கூறுகிறார்கள். ஆகவே அவர்கள் கண்ணால் கண்டார்களா, கருத்தால் கண்டார்களா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும் அவர்கள் கண்டது உண்மை என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

ஹம்மாமில் பிறந்த நூல்

அவர்களின் அன்றாட வாழ்வைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் சுவையான செய்திகளைப் பதிந்துள்ளனர்.

அவர்கள் எழுத அமர்ந்தால், சீவிய எழுதுகோல்கள் பலவற்றை முன்னரே அருகில் வைத்துவிடுவார்களாம். முகத்தைச் சுவரை நோக்கித் திருப்பிக்கொள்வார்கள். எந்நூலையும் புரட்டாமல், மலையருவி இறங்குவது போல் எழுதிக்கொண்டே போவார்கள். ஒரு கோல் தேய்ந்தால், அதைச் சீவ நேரம் செலவிடாமல் எறிந்துவிட்டு மற்றொன்றை எடுப்பார்கள்.

ஒருமுறை ஹம்மாமில் குளித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக் குளியலில் எழுந்து, உடை மாற்றும் அறைக்கு வந்தார்கள். மையும் கோலும் தாளும் கொண்டுவரச் சொன்னார்கள். நாடியைப் பற்றிய ஒரு நூலை அங்கேயே எழுதி முடித்துவிட்டு, மீண்டும் உள்ளே சென்று குளியலைப் பூர்த்தி செய்தார்கள்.

மற்றொரு செய்தி: காழியும் வரலாற்றாசிரியருமான இப்னு வாஸில் அவர்களும் இவர்களும் ஒரு நாள் இஷாத் தொழுகைக்குப் பின் அறிவுரையாடத் தொடங்கினார்கள். ஒரு கலையிலிருந்து மறு கலைக்குப் பேச்சு சென்றுகொண்டே இருந்தது. இப்னுந் நஃபீஸ் அவர்கள் சிறிதும் பதற்றமின்றிப் பேசினார்கள். காழியவர்களோ குரல் உயர்ந்து, முகம் சிவந்து வாதிட்டார்கள். விடியும் வரை உரையாடல் நீண்டது. இறுதியில் காழியவர்கள், தம்மிடம் இருப்பவை சில நுணுக்கங்களும் விதிகளுமே என்றும், இவர்களிடம் இருப்பதோ கல்விக் கருவூலங்கள் என்றும் மனமுவந்து ஒப்புக்கொண்டார்கள். வாதத்தில் தோற்றபின் மற்றவரைப் புகழும் அப்பெருந்தன்மையை இன்று எங்கே காண்கிறோம்?

சிகிச்சை செய்வதிலும் அவர்களுக்கு ஒரு நெறி இருந்தது. உணவால் தீர்க்கக் கூடிய நோய்க்கு மருந்து கொடுக்கமாட்டார்கள். ஒற்றை மருந்து போதுமாயின் கூட்டு மருந்தை நாடமாட்டார்கள். 300 பாகங்களில் மருத்துவக் கலைக் களஞ்சியம் ஒன்றை எழுதத் திட்டமிட்டு, 80 பாகங்களை முடித்தார்கள். அஷ்ஷாமில் என்னும் அந்நூலின் சில பாகங்கள் இன்றும் உலக நூலகங்களில் இருக்கின்றன.

தனித் தீவில் வளர்ந்த காமில் என்னும் ஒருவனின் கதையாக அவர்கள் எழுதிய அர்ரிஸாலத்துல் காமிலிய்யா என்னும் நூல் ஈமானோடு நெருங்கிய தொடர்புடையது. இவர்களுக்கு முன் வாழ்ந்த இப்னு துஃபைல் அவர்களும் இத்தகைய கதையொன்றை எழுதியிருந்தார்கள். அதில் தனித்த மனிதன் தன் சிந்தனையாலேயே உயர்நிலையை எட்டிவிடுகிறான். இவர்களின் காமிலோ, படைப்புகளைப் பார்த்துப் படைத்தவன் உண்டென்று அறிகிறான். ஆனால் அவ்வளவில் நிற்கவில்லை. கப்பலில் வந்தவர்கள் தந்த ரொட்டியையும் ஆடையையும் கண்டு, மனிதன் தனித்து வாழ இயலாது என்று உணர்கிறான். கூடி வாழ்வதற்கு ஒரு சட்டம் வேண்டும். அச்சட்டம் இறைவனிடமிருந்து வர வேண்டும். அதைக் கொணர ஒரு நபி வேண்டும் என்று படிப்படியாகத் தெளிகிறான். இருதயச் சுவரைப் பற்றி எந்த அறிவால் ஆராய்ந்தார்களோ, அதே அறிவைக் கொண்டே நுபுவ்வத்தின் அவசியத்தையும் நிறுவினார்கள். அவர்களின் உள்ளத்தில் இரண்டுக்கும் இடையே சுவர் இருக்கவில்லை.

மூடிக் கிடந்த ஏடு

இத்துணைப் பெரிய உண்மை பின்னர் என்னாயிற்று? இங்குதான் நாம் நெஞ்சில் கை வைத்துச் சிந்திக்க வேண்டும்.

இப்னுந் நஃபீஸ் அவர்களின் பெயரால் வழங்கும் மூஜஸ் என்னும் நூல் ஒன்று உண்டு. கானூனின் சுருக்கம் அது. மருத்துவ மாணவர்க்கு எளிதாயிருந்ததால் உலகெங்கும் பரவியது. அதற்கு உரைகள் பல எழுந்தன. நம் இந்திய நாட்டு யூனானி வைத்தியர்களும் அதனையும் அதன் உரைகளையும் தலைமுறை தலைமுறையாக ஓதினார்கள். 1828இல் கல்கத்தாவில் அது அச்சேறியது. ஆனால் அச்சுருக்கத்தில் உடற்கூற்றுப் பகுதி இல்லை! கண்டுபிடிப்பு இருந்ததோ பெரிய விரிவுரையில். சுருக்கத்தை மனனம் செய்தோம். விரிவுரையை அலமாரியில் வைத்துவிட்டோம். பின்வந்த உரையாசிரியர் ஓரிருவர் அதனைத் தொட்டுச் சென்றாலும், பாடத்தில் அது நிலைபெறவில்லை.

ஐரோப்பாவில், ஸ்பெயின் நாட்டவரான செர்வெட்டஸ் 1553இல் நுரையீரல் வழியே உதிரம் செல்வதை எழுதினார். அவருடைய சமயக் கருத்துகளுக்காக அதே ஆண்டில் ஜெனீவா நகரில் அவரை உயிரோடு எரித்தார்கள். 1559இல் இத்தாலியரான கொலம்போவின் நூலும் இதனைக் கூறியது. 1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, உதிரம் உடலெங்கும் சென்று மீண்டும் இருதயத்திற்கே திரும்புகிறது என்னும் முழுச் சுற்றை அளந்தும் சோதித்தும் நிறுவினார்.

நம் மேடைகளில் சிலர், இவர்கள் அனைவரும் நம்மவரின் நூலைப் பார்த்துத் திருடிவிட்டார்கள் என்று முழங்குவதைக் கேட்டிருப்பீர்கள். சகோதரர்களே, வாதிட்டவர் மீதே சாட்சியம் கொணரும் கடமை என்பது நம் ஃபிக்ஹின் விதியல்லவா? திமிஷ்கில் நெடுங்காலம் வாழ்ந்த அல்பாகோ என்னும் இத்தாலிய வைத்தியர், இப்னுந் நஃபீஸ் அவர்களின் எழுத்தில் ஒரு பகுதியை லத்தீனில் பெயர்த்தார் என்பதும், 1547இல் அது வெனிஸ் நகரில் அச்சேறியது என்பதும் உண்மை. ஆனால் அதன் வழியே இக்கண்டுபிடிப்பு ஐரோப்பியருக்குச் சென்றது என்று அறுதியிட்டுக் கூறச் சான்று கிடைக்கவில்லை. முழுச் சுற்றையும் நம்மவரே கண்டார் என்று கூறுவதும் மிகை. அவர்கள் கண்டது இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் சென்று திரும்பும் பாதை. அதுவே மாபெரும் சாதனை. அதற்குப் பொய்யால் அணி பூட்ட வேண்டுவதில்லை. ஜாலீனூஸின் பிழையையே மதிப்புக்காக ஏற்க மறுத்த ஒருவரைப் புகழ, நாம் பிழையைக் கையாளலாமா?

பிறர் எடுத்துக்கொண்டார்கள் என்று வருந்துவதை விட, நாம் திறக்கவில்லை என்று வருந்துவதே நியாயம். அந்த விரிவுரையின் ஏடு பெர்லின் நகர நூலகத்தில் கிடந்தது. மிஸ்ரு நாட்டு மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவீ அதனை ஆராய்ந்து, 1924இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் கட்டுரை அளித்தார். கெய்ரோவில் வாழ்ந்த ஜெர்மானிய அறிஞர் மேயர்ஹோஃப் அதனை உலகறியச் செய்தார். எழுதப்பட்டு ஏறத்தாழ 680 ஆண்டுகள் கழித்தே அவ்வேட்டின் சிறப்பை உலகம் உணர்ந்தது.

வெள்ளிக்கிழமை மறைவு

சுல்தான் கலாவூன் அவர்கள் அமீராக இருந்த காலத்தில், திமிஷ்கில் நோயுற்று, நூரி மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்தார்கள். தாம் அரசரானால் அதுபோன்றதொரு மருத்துவமனை கட்டுவதாக அப்போது நேர்ந்துகொண்டார்கள். அந்நேர்ச்சையை நிறைவேற்றும் வகையில் கெய்ரோவில் மன்ஸூரி மருத்துவமனை 1285இல் எழுந்தது. காய்ச்சலுக்கும், கண் நோய்க்கும், வயிற்றுக் கடுப்புக்கும், அறுவைக்கும் தனித்தனிக் கூடங்கள் அங்கிருந்தன. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பகுதிகள் இருந்தன. செலவு முழுவதும் வக்ஃபுச் சொத்துகளிலிருந்து வந்தது.

இப்னுந் நஃபீஸ் அவர்கள் அப்போது எண்பது வயதை நெருங்கியிருந்தார்கள். அவர்கள் மணம் புரியவில்லை, சந்ததியும் இல்லை. தம் அழகிய இல்லத்தையும், செல்வத்தையும், வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களையும் அந்த மருத்துவமனைக்கே வக்ஃபு செய்துவிட்டார்கள். ஆசான் தக்வார் தம் வீட்டை அளித்தது போலவே மாணவரும் அளித்தார். மையித்தின் பின்னும் நன்மை ஓடிக்கொண்டிருக்கும் ஸதக்கத்துல் ஜாரியா என்பது இதுவன்றோ?

இறுதி நோய் வந்தது. உடனிருந்த மருத்துவர்கள், மதுவைச் சிறிது மருந்தாக அருந்தும்படி அவர்களை வேண்டினார்கள். தம் உடலில் மது இருக்கும் நிலையில் இறைவனைச் சந்திக்க விரும்பவில்லை என்று கூறி மறுத்துவிட்டார்கள். தம் நோயின் தன்மையையும், மார்க்கத்தின் சட்டத்தையும் ஒருசேர அறிந்த ஒருவர் தமக்காக எடுத்த முடிவு அது. இதைக் காட்டி, உங்கள் வீட்டு நோயாளருக்கு மருத்துவர் தரும் மருந்தை மறுத்துவிடாதீர்கள். ஐயம் எழுந்தால் மருத்துவரையும் ஆலிமையும் கேட்டுத் தெளியுங்கள்.

ஆறு நாட்கள் நோயுற்றிருந்து, ஹிஜ்ரி 687, துல்கஃதா மாதம் 21ஆம் நாள், கி.பி. 1288 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை வைகறையில் அவர்களின் இருதயத் துடிப்பு ஓய்ந்தது. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நாம் பெறும் பாடம்

அன்புப் பெற்றோர்களே! மத்ரஸாவுக்கு அனுப்பினால் பிள்ளை உலகம் அறியாது என்று சிலர் அஞ்சுகிறீர்கள். கல்லூரிக்கு அனுப்பினால் தீனை இழக்கும் என்று வேறு சிலர் அஞ்சுகிறீர்கள். காலையில் ஃபிக்ஹும் மாலையில் நாடியும் பார்த்த ஒரு வாழ்வு உங்கள் முன் இருக்கிறது. அல்லாஹ்வின் ஏவலை ஆராய்ந்தவர்களே அவன் படைப்பையும் ஆராய்ந்தார்கள்.

மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல். இருதயத்தின் படத்தை வரைந்து மதிப்பெண் பெறுவதோடு நின்றுவிடாதீர்கள். ஆசிரியர் கூறினார், நூலில் உள்ளது என்பதற்காக மட்டும் ஒன்றை ஏற்காதீர்கள். காரணம் கேளுங்கள், அதனை அடக்கத்தோடு கேளுங்கள். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கும் அதே சொல்தான். சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், விரிவுரையைத் திறங்கள். உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் அலமாரியிலும், முன்னோர் விட்டுச்சென்ற ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருக்கலாம்.

செல்வமுள்ளோரே! ஆடம்பரத் திருமணத்திற்குச் செலவிடுவதில் ஒரு பங்கையேனும் ஏழை நோயாளருக்கும், நூலகத்திற்கும் வக்ஃபாக ஆக்குங்கள். மறைந்த பின் நம் பெயரால் ஒரு நோயாளி எழுந்து நடந்தால், அதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேறேது?

யா அல்லாஹ்! எங்கள் நெஞ்சங்களில் நீ ஓடவிட்டிருக்கும் உதிரத்தின் ஒவ்வொரு துளிக்கும் நன்றி செலுத்தும் அடியார்களாக எங்களை ஆக்குவாயாக! உண்மையை, அது யாரிடமிருந்து வந்தாலும் ஏற்கும் உள்ளத்தைத் தருவாயாக! உன் அடியார் இப்னுந் நஃபீஸ் அவர்களின் கப்ரை ஒளியால் நிரப்புவாயாக! ஆமீன்.